மொட்டை என்று சொல்லி வைத்தோம்

சைதாப்பேட்டை
20.8.1987

அக்கா,

நானும் தங்கமணியும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி என்று கேட்க மாட்டேன். கேட்டால் நாலு பக்கத்துக்கு எழுதுவாய். இப்போது நான் சொல்வதைக் கேள். படித்ததும் இந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டுவிடு. கண்ணகி எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதைத் தாண்டிவிட்டாள், அவள் கண்ணில் பட்டால் என் திட்டமெல்லாம் பாழ்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கமணியைக் கூட்டிக்கொண்டு மகாபலிபுரம் போகிற ரோட்டில் கடலோரம் இருக்கிற ஒரு பூங்காவுக்குப் போனேன். பூங்கா என்றால் பூச்செடி வைத்த பூங்கா இல்லை. குட்டி ரயில், ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற கார், சறுக்குமரம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ராட்டினம். நம் ஏரிக்கரைப் பனைமரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அதற்குச் சமம் ஆகாது. கரண்டில் சுற்றுகிறது. அண்ணாந்து பார்த்த உடனே எனக்குக் கண்ணகி ஞாபகம்தான் வந்தது.

ஆடித் திருவிழாவில் அந்த மரத்தொட்டில் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சுற்றுகிறவர் கை வலிக்கிறது இறங்கும்மா என்று கெஞ்சுகிற வரைக்கும் இறங்காமல் இருந்தாளே! வழக்கம் போல நான் கீழே நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தவள், "மேல போறப்ப வயிறு ஜில்லுன்னு ஆவுது மாமா, அது எனக்கு ரொம்பப் புடிக்கும்" என்றாள். அந்தக் குழந்தையை இந்த ராட்டினத்தில் ஏற்றாவிட்டால் நான் என்ன தாய்மாமன்? எனக்கும் தங்கமணிக்கும்தான் கல்யாணமாகி ஆறு வருஷமாய் ஒன்றும் தங்கவில்லை. உன் பிள்ளைகளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

செப்டம்பர் 17, வியாழக்கிழமை காலை தியாகதுருகத்தில் நாலு பேரும் பஸ் ஏறுங்கள். நான் லீவு சொல்லிவிட்டேன், பாரிமுனை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். மூன்று நாள் நம் வீட்டில் இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் பூங்கா வாசலில் போய் நிற்கிற வரைக்கும் பிள்ளைகளிடம் மூச்சு விடக்கூடாது. அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். கேட்டால் ஏதாவது சொல்லி வை.

மச்சானிடம் சொல்லி ஒரு புதுச் சட்டை எடுத்துக்கொள்ளச் சொல். அந்தக் காவியேறின சட்டையோடு பட்டணம் வரவேண்டாம்.

வெங்கடேசன்


தியாகதுருகம்
30.8.1987

தம்பி வெங்கடேசா,

உன் கடிதத்தை அரிசிப் பானையில் போடவில்லை, அடுப்பிலேயே போட்டுவிட்டேன். உன் மச்சானுக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். அவர் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் கள்ளக்குறிச்சிக்குப் போய் நீலக்கட்டம் போட்ட சட்டை எடுத்து வந்து, பெட்டியில் வைத்துவிட்டு, தினமும் ஒரு தரம் திறந்து பார்க்கிறார்.

பிள்ளைகளுக்கும் துணி எடுத்தோம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "எந்த ஊருக்கும்மா?" என்று கண்ணகி பிடித்துக்கொண்டாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "திருப்பதிக்கு. ரெண்டு பேருக்கும் மொட்டை போடப் போறோம். மாமா மடியில உக்கார வெச்சி."

கலைவாணன் லட்டு கிடைக்கும் என்று குதித்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு மயிர் போனால் என்ன! கண்ணகி மட்டும், "எனக்குமா?" என்று கேட்டாள். "உனக்குந்தான். சின்னதுல உனக்கு ஜுரம் வந்தப்ப வேண்டிக்கினது" என்று ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தேன்.

அவள் சடை உனக்குத் தெரியும், இடுப்பைத் தாண்டிவிட்டது. இப்போது தினமும் இரண்டு வேளை எண்ணெய் வைத்துக்கொள்கிறாள். முடி எத்தனை மாசத்தில் வளரும் என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். நேற்று தன் ரிப்பன்களையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். நான் போய்ச் சத்தமில்லாமல் வாங்கி வந்து ஒளித்து வைத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

மலையிலிருந்து மாரியும் அவள் புருஷன் காத்தானும் களை வெட்ட வந்து நம் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். வருஷா வருஷம் வருகிறவர்கள்தானே. கண்ணகி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே மாரி பக்கத்தில்தான் போய் உட்காருகிறாள். அவளிடம் ஏதோ பேசுகிறாள், என்னைக் கண்டால் நிறுத்திக்கொள்கிறாள். சொல்லிவிடட்டுமா? நீ எழுது.

இன்னொன்று. இடஒதுக்கீடு கேட்டுச் சங்கத்துக்காரர்கள் அந்த வாரம் முழுக்க ரோடு மறியல் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். "இது சும்மா இருக்காது, வேற வாரம் பாத்துக்கலாம்" என்கிறார் உன் மச்சான். அதற்கும் பதில் போடு.

விஜயலட்சுமி


சைதாப்பேட்டை
7.9.1987

அக்கா,

சொல்லித் தொலைத்துவிடாதே! மொட்டை என்பது எவ்வளவு பிரமாதமான யோசனை! படித்துவிட்டு நானும் தங்கமணியும் விழுந்து விழுந்து சிரித்தோம். மொட்டைக்குப் பயந்து வருகிற பிள்ளை ராட்டினத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பார். நானும் என் பங்குக்குக் கண்ணகி பேரில் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன். "மாமா மடி தயார், கத்தியும் தீட்டியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளட்டும். அத்தனைக்கும் சேர்த்து அங்கே சிரிப்பாள்.

மறியல் விஷயத்துக்கு மச்சான் பயப்பட வேண்டாம். நான் பஸ்ஸிலேயே பிழைக்கிறவன். கண்டக்டர் பையைத் தோளில் மாட்டின நாளிலிருந்து எத்தனை மறியல் பார்த்துவிட்டேன்! காலையில் உட்காருவார்கள், போலீஸ் வரும், ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்துச் சோறு போட்டுச் சாயந்திரம் விட்டுவிடுவார்கள். கேட்கிறது நியாயம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அதற்காக வாரக்கணக்கில் எவன் ரோட்டில் உட்காருவான்? விடிவதற்குள் கிளம்பிவிட்டால் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வாரத்தை விட்டால் பொங்கல் வரைக்கும் லீவு கிடையாது.

கட்டாயம் கிளம்பு. பாரிமுனையில் நான் நிற்பேன்.

வெங்கடேசன்


தியாகதுருகம்
29.9.1987

வெங்கடேசனுக்கு,

தபால் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

பாரிமுனையில் நீ எத்தனை நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ரோட்டில் நின்றோம். விடிவதற்குள் கிளம்பு என்று எழுதினாயே, விடிவதற்குள்தான் போய் நின்றோம். பஸ் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால் துருகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள். பங்காளிகள், மாமன் மச்சான்கள், உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். இவர் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "எல்லாம் அங்க நிக்கறப்ப நான் மட்டும் புதுச் சட்டைய போட்டுக்கினு பொட்டிய தூக்கிக்கினு நிக்கறதா?" என்று சொல்லிப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்குக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை. அவர் ரோட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

மத்தியானம் போலீஸ் வந்தது. கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போகவில்லை. சோறு போட்டுச் சாயந்திரம் விடவும் இல்லை. அடித்தார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நான் வரப்பில் இறங்கி ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அந்த நீலக்கட்டம் போட்ட சட்டை வேனில் ஏறுவது தெரிந்தது. இப்போது கடலூர் ஜெயிலில் இருக்கிறார். வேறு ஊர்களில் போலீஸ் சுட்டுச் சில பேர் செத்தே போனார்களாம், அதைப் பார்த்தால் நாங்கள் தப்பித்தோம் என்றுதான் இருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தில் கண்ணகியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "மொட்டையும் கெடையாது, திருப்பதியும் கெடையாது. உங்க மாமன் உன்ன பெரிய ராட்டினத்துல ஏத்தறேன்னான். அதுக்குத்தான் போனோம். எல்லாம் போச்சு" என்று சொன்னேன். இதையாவது கேட்டு அவள் முகம் கொஞ்சம் தெளியும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவே இல்லை. "மெய்யாவா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அப்புறம் கொட்டகைக்குப் போய் மாரியின் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. சடை பின்ன உட்காரச் சொன்னால் உட்காருகிறாள், பின்னி முடித்தால் எழுந்து போகிறாள். பேச்சே இல்லை.

நீ ஆசையாய்த்தான் செய்தாய், எனக்கு அது தெரியும். ஆனால் வேண்டாம் என்று அவர் சொன்னார். நீதான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி எழுதினாய். இப்போதைக்கு நீ இங்கே வரவேண்டாம். எழுதவும் வேண்டாம்.

விஜயலட்சுமி


சைதாப்பேட்டை
6.10.1987

அக்கா,

எழுதாதே என்றாய், இருந்தாலும் எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டு.

பாரிமுனையில் பொழுது சாய்கிற வரைக்கும் நின்றேன். தெற்கேயிருந்து ஒரு பஸ்ஸும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நேற்று கடலூர் போய் மச்சானைப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். "சட்ட அழுக்காயிட்ச்சி வெங்கடேசா. புள்ளைங்க சட்ட பத்தரமா இருக்குதா?" என்றுதான் கேட்டார். வெளியே வந்து மதில் ஓரமாக நின்று அழுதேன்.

எல்லாம் என் தப்புதான். ஆனால் ஒன்று மட்டும் சொல்லவிடு. மொட்டை என்று சொன்னது நான் இல்லை.

வெங்கடேசன்


தியாகதுருகம்
3.11.1987

தம்பி,

தீபாவளிக்கு முன்னாலேயே அவரை விட்டுவிட்டார்கள். வலது கையில் கரும்பு வெட்டுகிற கத்தியைப் பிடிக்க முடியவில்லை, சரியாகிவிடும் என்கிறார் வைத்தியர். நீ போய்ப் பார்த்ததைச் சொன்னார். போன கடிதத்தில் கடைசியாக எழுதியிருந்தாயே, மொட்டை என்று சொன்னது நீ இல்லை என்று. அதைப் படித்த அன்றைக்குக் கொதித்துப் போனேன். இப்போது கோபம் இல்லை. நீ எழுதினது சரிதான். அது எவ்வளவு சரி என்று முந்தாநாள்தான் எனக்குத் தெரிந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

தீபாவளியன்று அப்பா வீட்டில் இருக்கிறாரே, இனிமேல் பிள்ளை பேசும் என்று பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளே தவிர வாய் திறக்கவில்லை. மறுவாரம் கள்ளக்குறிச்சியில் ஏதோ ஒரு கடைத் திறப்புக்கு ராட்டினம் வந்திருக்கிறது, போகலாம் என்று கலைவாணன் நச்சரித்தான். நீயும் வா என்று கண்ணகியைக் கூப்பிட்டேன். தூணைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

மொட்டைக்குப் பயந்து மாரியிடம் அழுதிருக்கிறாள். மாரி அவளைத் தேற்றுவதற்காகத் தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். முன்னொரு சமயம் காத்தான் ஜுரம் கண்டு கண்ணே திறக்காமல் கிடந்தாராம். தனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை விட்டுவிடுகிறேன் என்று சாமியிடம் சொன்னாளாம், பிழைத்துவிட்டாராம். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். உன் கார்டு வந்த அன்றைக்கு நேரே ஏரிக்கரை அய்யனாரிடம் போயிருக்கிறாள்.

"பஸ்ஸு வரக்கூடாதுன்னு கேட்டேம்மா. எனக்கு ரொம்பப் புடிச்சத வுட்டுடறேன்னு சொன்னேன்."

"எதம்மா வுட்ட?"

"ராட்டினம்."

வெங்கடேசா, நீ எதில் ஏற்ற ஆசைப்பட்டாயோ அதையே கொடுத்து, அங்கே போகாமல் இருக்க வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பொய் சொன்னது நான். கத்தி தீட்டியாகிவிட்டது என்று எழுதினது நீ.

அதோடு போகவில்லை. பஸ் வராதபோது முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததாம். அப்புறம் மரம் விழுந்து, போலீஸ் வந்து, அப்பாவைக் கொண்டு போனதும் எல்லாம் தன்னால்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். மறியலை ஊரில் எப்போதோ சொல்லிவிட்டார்கள், நீ கேட்டதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆன மட்டும் சொன்னேன்.

"எனக்கு அது தெரியாதே. நான் கேட்டேன், நின்னுச்சி."

"சரி, இப்பத்தான் அப்பா வந்துட்டாரே. நீ தாராளமா ராட்டினம் ஏறலாம்."

"வுட்டுட்டேன்னு சொல்லிட்டு ஏறினா, திரும்பவும் வந்து அப்பாவப் புடிச்சிக்கினு போயிட்டா?"

இனிமேல் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்றேன். "மெய்யாவா?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அந்தக் கேள்விதான். சோறு வெந்துவிட்டது என்றால்கூட மெய்யாவா என்கிறாள். நான் சொன்னால் உலகமே அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளை அது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டார்.

அக்கா


சைதாப்பேட்டை
20.11.1987

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கு என்னால் டிக்கெட் கிழிக்க முடியவில்லை. பாதி வழியில் இறங்கி டிப்போவுக்குப் போய்விட்டேன். அந்தக் கார்டை எழுதினபோது தங்கமணி, "பொம்பளப் புள்ளைக்கு இப்படி எழுதாதீங்க, முடின்னா அதுக்கு உசுரு" என்று சொன்னாள். நான்தான் அவளைக் கேலி பண்ணினேன்.

போன வாரம் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். தாய்மாமன் மடி என்று எழுதின கைக்கு அதுதான் சரி. கண்ணகி விட்டதுக்குப் பதிலாக என் முடியை எடுத்துக்கொள், குழந்தைக்கு ராட்டினத்தைத் திருப்பிக் கொடு என்று கும்பிட்டேன். பொங்கலுக்கு வருகிறேன். அவளிடம் நானே சொல்கிறேன். வரட்டுமா என்று மட்டும் ஒரு வரி எழுது.

வெங்கடேசன்


தியாகதுருகம்
10.2.1988

தம்பி,

நீ பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருக்கிறது. நீ பஸ் ஏறின பிறகு கண்ணகி என்ன சொன்னாள் என்று எழுதச் சொன்னாயே, அதை எழுதத் தயக்கமாக இருந்தது. உன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாளே, அப்போது நீ சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள். "மாமா மெய்யாவே மொட்ட போட்டுக்கிச்சி" என்று எல்லோரிடமும் சொல்கிறாள். ஆனால், "அது மாமா குடுத்தது. நான் சொன்னது வேற" என்கிறாள்.

அதனால் போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். அந்தக் கதையைச் சொன்ன மாரியே இந்த முடிச்சையும் அவிழ்த்துவிடட்டும் என்று நினைத்தேன். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏற ஏற எனக்குத் தலை சுற்றிவிட்டது. கண்ணகி சன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் வண்டி சட்டென்று திரும்பியபோது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். அது ராட்டினத்தில் சேருமோ என்று பயந்திருப்பாள் போல.

வெள்ளிமலையில் இறங்கி ரொம்ப தூரம் நடந்தோம். மாரி ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் துடுப்பை அப்படியே வைத்துவிட்டாள். "ஐயோ, அயுவுற புள்ளைக்கு ஆறுதலா நாலு வார்த்த சொன்னேன்மா. அது மனசுல வெச்சிக்கும்னு நான் இன்னா கண்டேன்?" என்று கண்ணகியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சரி, நீயே அவளிடம் சொல், விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சொல் என்றேன்.

வாசலில் ஒரு பலாமரம் நிற்கிறது, மாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்லட்டுமாம்மா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

மாரி விட்டது பலாப்பழம். அந்த மரத்துப் பழம்தான். கண்ணகி கேட்டாள், "உனக்கு ஆசையா இருக்காதா மாரி?"

"ஏன் இல்லாம? காச்சா அறுக்கறது நானு, சொளை எடுக்கறது நானு, கைல பிசினு ஒட்டறது எனக்கு. புள்ளைங்க தின்றப்ப பக்கத்துல ஒக்காந்துக்குவேன். எப்பிடிடா கீது, தேனா கீதா, நாரா கீதான்னு கேட்டுக்கினே இருப்பேன். அதுங்க சொல்லச் சொல்ல எனக்கு நாக்குல எச்சி ஊறும். அவ்ளோதான், தின்ன மாதிரிதான்."

அதுவரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருந்த காத்தான் அப்போதுதான் வாய் திறந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலம்மா இவ. என் உசுருக்குன்னு வுட்டுட்டா. அன்னிலேர்ந்து எனக்கும் ஒரு சொளை எறங்கறதில்ல."

கண்ணகி அவரையும் பார்த்தாள், மாரியையும் பார்த்தாள். திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் அப்பாவிடம் அன்றைக்கு இரவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நீலச்சட்டையை அதற்கப்புறம் அவர் போடவே இல்லை.

மே மாசம் பிள்ளைகளை உன்னிடம் அனுப்புகிறேன். கலைவாணன் என்ன பாவம் செய்தான், அவன் ஏறட்டும். எங்கே போகிறோம், அங்கே என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் இப்போதே இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். நானும் வருகிறேன் என்று கண்ணகியே சொன்னாள். நீயும் ஒன்றையும் மறைக்காதே. அவளை ஏறு என்று வற்புறுத்தாதே.

அக்கா


சைதாப்பேட்டை
15.5.1988

அக்கா,

பிள்ளைகள் உறங்குகிறார்கள். நாளைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் வந்துவிட்டாலும் வந்துவிடுவோம். ஆனால் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதிப் போட்டுவிடுகிறேன்.

இன்றைக்குப் பூங்காவுக்குப் போனோம். பஸ்ஸில் போகும்போதே கண்ணகி என்னைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டாள். எத்தனை மணிக்குப் போவோம், மெய்யாவா, எங்கே இறங்குவோம், மெய்யாவா என்று. வாசலில் போய் நின்றோம். போன வருஷம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தேன். இன்றைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நான் மனசில் எழுதி வைத்திருந்த முகம் அது இல்லை. அண்ணாந்து அந்த ராட்டினத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இம்மாம் பெரிசா!" என்று மட்டும் சொன்னாள்.

குட்டி ரயிலில் ஏறினாள், முட்டுகிற காரில் ஏறிக் கலைவாணனை இடித்துத் தள்ளினாள். ராட்டினத்துக்குப் போகும்போது மட்டும் எல்லோருடைய பையையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டாள். தங்கமணியும் கலைவாணனும் ஏறினார்கள். "பாப்பா பயப்படுதா?" என்று டிக்கெட் கிழிக்கிறவர் கேட்டார். "பயமெல்லாம் இல்ல" என்றாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது அக்கா.

நானும் அவளோடு கீழேயே நின்றேன். அப்போது அவள், "நீ ஏறு மாமா. பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.

உனக்கும் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். எனக்கு உயரம் என்றால் உதறல். திருவிழாவில் எப்போதும் கீழே நின்று கையாட்டினது அதனால்தான். ஆனால் அவள் கேட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏறினேன். பக்கத்தில் யாரும் இல்லை, தனி ஆளாக அந்தத் தொட்டிலில் உட்கார்ந்தேன். கிளம்பின உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எத்தனை சுற்று சுற்றினது என்று தெரியாது. நின்றதும் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

கண்ணகி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா தெரிஞ்சிச்சி மாமா?"

"கடல் தெரிஞ்சிச்சி கண்ணு. தூரத்துல ஒரு கப்பல் போச்சு" என்று அளந்தேன்.

"மெய்யாவா?"

வாய் வரைக்கும் வந்தது, மெய்தான் என்று. அவள் கண்ணைப் பார்த்தேன். முடியவில்லை.

"இல்ல கண்ணு. பயத்துல கண்ண மூடிக்கினேன். ஒண்ணும் தெரியல."

சிரித்தாள் அக்கா. பையும் செருப்பும் கீழே விழச் சிரித்தாள். போன ஆடிக்கு அப்புறம் நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இன்னொரு வாட்டி போ. தொறந்து வெச்சிக்கினு போ" என்றாள்.

போனேன். கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது, ஆனால் கண்ணை மூடவில்லை. மெய்யாகவே கடல் தெரிந்தது. கரையில் கட்டுமரங்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கு நடுவில் ரோடு, ரோட்டில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. கீழே கூட்டத்தில் அவள் சிவப்பு ரிப்பன் தெரிந்தது. அவள் அண்ணாந்து கையாட்டிக்கொண்டிருந்தாள். என் வேலையை அவள் செய்துகொண்டிருந்தாள்.

இறங்கி வந்து சிமெண்டு மேடையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நான் பேச ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கடல் என்ன கலர் என்று கேட்டாள், சொன்னேன். பஸ் எந்தப் பக்கமாகப் போனது என்று கேட்டாள், சொன்னேன். அப்புறம், "மேல போறப்ப வயிறு ஜில்லுன்னு ஆச்சா மாமா?" என்று கேட்டாள்.

"ஆச்சிம்மா."

இந்தத் தடவை அவள் மெய்யாவா என்று கேட்கவில்லை. கண்ணை மூடினபடியே தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

வெங்கடேசன்